இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் குழந்தை

அந்தப் பாதம் ரங்கியுடையது இல்லை என்று நிறைமதிக்குத் தெரிந்தபோது, அவள் பேருந்துப் பணிமனையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கைப்பலகை, வலது கையில் தயிர்சாதம். திரையில் ஒரு குழந்தையின் இரண்டு பாதங்கள், சிமெண்டுத் தரையில், கொலுசோடு. தேதி சரியாக இருந்தது. கொலுசு சரியாக இருந்தது. தரையில் ஓடிய விரிசல்கூடச் சரி. விரல்கள்தான் தப்பு. பத்தும் வரிசை கலையாமல், காலைக் கூட்டத்துக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

ரங்கியின் இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறியிருக்கும். ஏன் கண்ணு, விரல் இப்படி இருக்கு என்று கேட்டதற்கு நாலு வயதில் அவள் சொன்ன பதில்: "அதுக்கு சீட்டு கிடைக்கல. மடில உக்காந்திருக்கு."

நிறைமதி அடுத்த படத்தைப் பார்த்தாள். கரண்டி பிடித்த சின்னக் கை. மணிக்கட்டில் மச்சம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அடுத்தது, போர்வைக்குள் சுருண்டு தூங்கும் முதுகு. முதுகை வைத்து என்ன சொல்வது? ஆனால் சந்தேகம் வந்துவிட்ட பிறகு அந்த முதுகும் அவளுக்கு யாரோ ஒருவருடையதாகவே தெரிந்தது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, முன்னூற்றுப் பதினெட்டுப் படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏறினாள். பெருஞ்சாலையில் பேருந்து தானே ஓடிக்கொள்ளும். வடவள்ளிக்கு உள்ளே சந்துகளில்தான் ஓட்டுநர் வேண்டும். அன்று பெருஞ்சாலையிலும் அவள் திருப்புவளையத்தை விடவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

ரங்கநாயகி அவள் பெற்ற பிள்ளை இல்லை. பழைய பெயர்களெல்லாம் திரும்பவும் நாகரிகமாகியிருந்த காலத்தில் பிறந்த குழந்தை அது. அதன் தாய் ஒரு சாலை விபத்தில் இடுப்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தபோது, பார்த்துக்கொள்ள உறவில் ஆள் இல்லை. அரசின் தற்காலிக வளர்ப்புத் திட்டத்தில் நிறைமதியும் அவள் கணவன் பரிதியும் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினாலு மாதம் ரங்கி அவர்கள் வீட்டில் இருந்தாள். தாய் ஊன்றுகோலோடு எழுந்து நடந்ததும் ரங்கி அவளிடம் திரும்பிப் போனாள். அதன் பிறகு, குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை வளர்ப்பு வீட்டார் அதைத் தேடக் கூடாது, எழுதக் கூடாது. இரண்டு வீட்டுக்கு நடுவே பிள்ளை அல்லாடக் கூடாது என்று போட்ட சட்டம். நல்ல சட்டம்தான் என்று நிறைமதியே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. வளர்ப்பு வீட்டார் குழந்தையின் முகத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. முதுகு, கை, கால், சடை, நிழல் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்தவைதான் முன்னூற்றுப் பதினெட்டுப் படங்கள். வருடத்தில் ஒரு நாள், ரங்கி அவர்கள் வீட்டுக்கு வந்த தேதியில், நிறைமதி அவற்றைத் திறந்து பார்ப்பாள். இது ஏழாவது வருடம்.

சாயங்காலம் பரிதி வந்ததும் பலகையை அவன் முன்னால் வைத்தாள். அவன் பாதங்களையே வெகுநேரம் பார்த்தான்.

"இது நம்ம பாப்பா இல்ல."

"தெரியுதில்லைங்க? எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நினைச்சேன்."

"கொலுசு நம்ம வாங்கிக் குடுத்ததுதான். காலு மட்டும் எப்படி மதி வேறயாகும்?"

இருவருக்கும் பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. ரங்கி வந்த வாரத்தில், சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் படக்கண் ஒன்று வாங்கப் போனார்கள். கடைக்காரர், "எள்ளா, கடுகா, மிளகா, கொட்டையா?" என்று கேட்டார். படக்கண்ணுக்குள் போடும் நினைவு அட்டைகளுக்கு ஊரெல்லாம் அப்படித்தான் பெயர். எள் ஒரு வாரத்துப் படத்துக்குக் காணும். கடுகு ஒரு மாதத்துக்கு. மிளகு ஒரு வருடத்துக்கு. புளியங்கொட்டை அளவில் வருவது ஓர் ஆயுளுக்குப் போதும். ஆனால் விலையும் அப்படி, வரியும் அப்படி. பரிதி மிளகு வாங்கலாம் என்றான். நம் படம் நம் வீட்டிலும் இருக்கட்டுமே என்றான். நிறைமதிதான் எள் போதும் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும், ஊரார் படங்களையெல்லாம் சேர்த்துவைக்கும் பொதுப் படிமக் கிடங்குக்கு ஒப்படைத்துவிட்டால் அட்டை தானே காலியாகிவிடும். வீட்டில் வைத்தால் தொலையும், உடையும், கரையான் தின்னும். கிடங்கில் எது தொலையும்? பதினாலு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் தவறியதில்லை. ஒழுங்கான ஒப்படைப்பாளர் என்று கிடங்கிலிருந்து பாராட்டுச் செய்திகூட வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிடங்கின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

குறைகேட்கும் மேசையில் மெஹருன்னிசா என்ற அதிகாரி இருந்தாள். நிறைமதியின் வயதுதான் இருக்கும். எத்தனையோ பேரின் கோபத்தைக் கேட்டுக் கேட்டுத் தணிந்துபோன குரல். பாதப் படத்தை வாங்கிப் பார்த்தாள். எண்ணைத் தட்டினாள்.

"இது ஒருமையாக்கம் ஆன படங்க. உங்களுக்கு ஒருமையாக்கம்னா தெரியுமுங்களா?"

"நிலாவுக்குத்தானே பண்ணுவாங்க?"

"நிலாலதான் ஆரம்பிச்சது" என்றாள் மெஹருன்னிசா.

அது நிறைமதியின் சிறுவயதில் நடந்தது. கிடங்குகளின் கருவிகள் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் தேவைப்பட்டது. ஊருக்கு வரும் தண்ணீரில் பாதியை அவை குடித்தன. குழாயில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது. அப்போதுதான் ஒருவர் கேட்டார்: இருப்பது ஒரு நிலா, அதற்கு எதற்குக் கோடிக்கணக்கில் படம்? மிகத் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவோம். எல்லோருடைய தொகுப்பிலும் அந்த ஒன்றே தெரியட்டும். அழித்தார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தது சூரியன் மறைவது, கோயில் கோபுரம், வாழையிலைச் சாப்பாடு. கிடங்குகள் சுருங்கின. குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. ஊரே கொண்டாடியது. நிறைமதியும்தான்.

"முகத்தை மட்டும் தொடறதில்லைங்க. சட்டம். ஆனா முகமில்லாத படம் எல்லாம் பொருள் கணக்குல வந்திருது. போன கோடைல தண்ணி ரொம்ப மோசமாப் போச்சுங்களா, அப்ப ஒப்புமை அளவைத் தளர்த்திட்டாங்க. குழந்தைப் பாதம், கொலுசோட, தரையில. இந்த வகையில மட்டும் எழுபதாயிரம் படம் இருந்துச்சு. ஒண்ணை வெச்சுக்கிட்டாங்க."

"கொலுசு எங்களுதுங்க. தரை எங்க வீட்டுத் தரை."

"நிறம், கொலுசு, தரை எல்லாம் மேல பூசறதுங்க. வீட்டுக்கு வீடு நாலு எழுத்து எழுதி வெச்சாப் போதும். அடியில இருக்கற கால் ஒண்ணுதான்."

"அப்ப எங்க பாப்பா கால் எங்கே?"

மெஹருன்னிசா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "இல்லீங்க" என்றாள். "ஒப்படைக்காம வீட்ல போட்டு வெச்ச சோம்பேறிங்க கிட்டதான் இப்ப அசல் இருக்கு. உங்களை மாதிரி வாரா வாரம் குடுத்தவங்களுக்குத்தான் இப்படி ஆயிருச்சு."

முன்னூற்றுப் பதினெட்டையும் சோதிக்க ஒரு மணி நேரம் ஆனது. முன்னூற்றுப் பதினேழு அழிந்திருந்தன. ஒன்று பிழைத்திருந்தது. அதுவும் பிழைக்கக் காரணம், அதன் வகையில் அதுவே மிகத் தெளிவானது என்று கிடங்கு அதை முதன்மைப் படமாகத் தேர்ந்திருந்ததுதான். மற்றவர்களின் படங்கள் இதற்காக அழிக்கப்பட்டிருந்தன.

படத்தில் ஒரு சிறுமி பின்புறம் காட்டி நிற்கிறாள். இரட்டைச் சடை. வலது சடை இடதைவிடக் கொஞ்சம் மேலே. வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பெய்யும் மழையைப் பார்க்கிறாள். பச்சைப் பாவாடை.

"இது ரங்கி" என்றாள் நிறைமதி. "இது ரங்கியேதான்."

"இது இப்ப இருநூத்திப் பன்னெண்டு வீட்ல இருக்குங்க" என்றாள் மெஹருன்னிசா. "ஒவ்வொரு வீட்லயும் பாவாடை வேற கலர், கதவு வேற கலர். நிக்கறது மட்டும் உங்க பாப்பா. நீங்க எடுத்த படம்ங்கறதால, வேணும்னா மீட்டு எடுத்துக்கலாம். பெரிய அட்டையா வாங்கிட்டு வந்தீங்கன்னா அசலையே இறக்கித் தருவோம். ஆனா மத்தவங்க வீட்ல அந்த இடம் வெள்ளையாயிரும். அதனால அவங்களுக்கு அறிவிப்பு அனுப்பி, முப்பது நாள் ஆட்சேபம் கேக்கணும். அது விதி."

அன்றே நிறைமதி மீட்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. முன்னூற்றுப் பதினெட்டில் ஒன்று மிஞ்சியிருக்கிறது, அது அவளுடையது. அவ்வளவுதான்.

முப்பது நாள் கழித்து ஆட்சேபக் கடிதங்களின் கட்டு வீட்டுக்கு வந்தது. மற்ற இருநூற்றுப் பதினோரு வீடுகளில் நூற்று எண்பத்தாறு வீட்டார் எழுதியிருந்தார்கள். பெயரும் ஊரும் மறைக்கப்பட்டு எண் மட்டும் போட்டிருந்தது. படம் எடுத்தவரே எல்லாவற்றையும் படித்து, சம்மதமா மறுப்பா என்று சொல்ல வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். கோபமாகத்தான் நிறைமதி ஆரம்பித்தாள். பத்தாவது கடிதத்தில் கோபம் குறைந்தது.

ஒருவர் எழுதியிருந்தார்: "என் மகள் வேறு நாட்டில் இருக்கிறாள். என்னோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. இந்தப் படத்தைத்தான் தினமும் பார்க்கிறேன். முகம் தெரிகிற படங்களைப் பார்க்கத் தைரியம் இல்லை." இன்னொரு கடிதத்தில் மூன்று வரிதான். "எங்க குழந்தை இப்ப இல்லைங்க. அந்த மழை நாளுக்கு அப்புறம் பன்னிரண்டு நாள்தான் இருந்தாள். தயவு செய்யுங்க." ஒரு தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். ஒரு பெண், படத்தில் இருப்பது தான்தான் என்றும், தன்னைத் தன் அப்பா எடுத்த ஒரே படம் அதுதான் என்றும் எழுதியிருந்தாள்.

"எல்லாருக்கும் அது அவங்க பிள்ளையாவே இருக்குது பாரு" என்றான் பரிதி.

"அவங்க பிள்ளை இல்லைங்களே."

"இல்லதான். அதை நாம போய்ச் சொல்லணுமா?"

அவள் எண்பத்தெட்டாம் கடிதத்தை எடுத்தாள். கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்து.

"படத்துக்குச் சொந்தக்காரர் அவர்களுக்கு, வணக்கம். என் பேர் எழுதக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்குப் பதினோரு வயசு. அஞ்சு வயசுக்கு முந்தி என் படம்னு எங்க வீட்ல இருக்கறது இது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் அம்மா ஒரு கொட்டை அட்டையில வெச்சிருந்தாங்க. கிடங்குக்கு ஒப்படைக்கவே இல்ல. ஆக்ஸிடென்ட் ஆனப்ப அது வண்டியோட நசுங்கிருச்சு. அம்மா ஆஸ்பத்திரில இருந்த பதினாலு மாசமும் நான் ஒரு பஸ் ஓட்டற அம்மா வீட்ல இருந்தேன். அம்மா வந்து கூட்டிட்டுப் போன முதல் வாரம் மழை பெஞ்சுது. அப்ப அம்மா ஊன்றுகோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எடுத்த படம் இது. அது உங்க பாப்பான்னு நீங்க சொல்றீங்களாம். இல்லைங்க, அது நான்தான். படத்துல கால் தெரிஞ்சிருந்தா நிரூபிச்சிருப்பேன். என் இடது கால்ல ஒரு விரல் இன்னொரு விரலோட மடில உக்காந்திருக்கும். அம்மா இப்பவும் சில நாள் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, நான் இல்லாதப்ப நீ எப்படி இருந்தியோன்னு சொல்லுவாங்க. அதனால எடுக்காதீங்க."

நிறைமதி கடிதத்தைப் பரிதியிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டுத் தாளைத் தரையில் வைத்து, அது பறந்துவிடும் போல அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

நடந்தது அவளுக்குப் புரிந்தது. ரங்கியின் தாய் எடுத்ததும் ரங்கியைத்தான். அதே சடை, அதே முதுகு, இன்னொரு மழை. உலகத்திலேயே மிக நெருங்கிய ஒப்புமை. கிடங்கு தாய் எடுத்ததை அழித்துவிட்டு, நிறைமதி எடுத்ததை அங்கே வைத்திருக்கிறது. ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இரண்டே வீட்டில் அது உண்மையான படம்.

"பதினோரு வயசு" என்றாள். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, இல்லைங்க?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"என்னை பஸ் ஓட்டற அம்மான்னு அவங்க அம்மா சொல்லித் தந்திருக்காங்க. மறக்க விடலை பாருங்க."

திங்கட்கிழமை அவள் மீட்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். படம் எல்லா வீட்டிலும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஆனால் எண்பத்தெட்டாம் எண்ணுக்கு மட்டும் ஒரு பதில் எழுதவேண்டும் என்று ஆசை. படத்தின் சொந்தக்காரர் ஆட்சேபத்துக்குப் பெயர் இல்லாமல் பதில் எழுதலாம் என்று விதியில் இருந்தது. வளர்ப்பு வீட்டார் குழந்தைக்கு எழுதக் கூடாது என்று இன்னொரு சட்டத்தில் இருந்தது. இரண்டு சட்டமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

மூன்று நாள் எழுதிக் கிழித்தாள். நான்தான் எடுத்தேன் என்று முதலில் எழுதியிருந்தாள். பரிதி அதை அடிக்கச் சொன்னான். "அவங்க அம்மா எடுத்ததுன்னு நினைச்சிட்டிருக்குது. ஊன்றுகோலை இடுக்கிக்கிட்டு எடுத்தாங்கன்னு வேற எழுதியிருக்குது. அதை ஏன் கெடுக்கணும்?" அந்த வரியை அடித்தபோது அவளுக்கு வலித்தது. அடித்த பிறகு லேசாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"கண்ணு, உன் கடிதம் கிடைத்தது. நான் தப்பாகக் கேட்டுவிட்டேன். படத்தில் இருப்பது நீதான். ஒரு சந்தேகமும் வேண்டாம். அதை யார் எடுத்தார்கள் என்பதைவிட, அதை இத்தனை வருஷம் யார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் பெரிது. அம்மாவிடம் சொல்: அவர் இல்லாத நாளில் நீ நன்றாக இருந்தாய். நன்றாகச் சாப்பிட்டாய், நன்றாகத் தூங்கினாய். அந்தப் படத்தில் நீ மழைத்துளியை எண்ணிக்கொண்டிருக்கிறாய். நூறுவரை எண்ணுவாய். அதற்கு மேல் தெரியாததால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாய். எனக்குத் தெரியும். படம் உன்னிடமே இருக்கட்டும். நன்றாக இரு."

மெஹருன்னிசா அதைப் படித்தாள். நிமிர்ந்து நிறைமதியைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். இது எந்தச் சட்டத்தை மீறுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் எண்பத்தெட்டு என்று குறித்து உள்ளே அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அவளே அழைத்தாள். குரல் பதறியது. "கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வர முடியுங்களா? தப்பு ஒண்ணு நடந்துபோச்சுங்க."

நிறைமதி சீருடையோடே போனாள். மெஹருன்னிசா எழுந்து நின்றாள்.

"உங்க பதில் எண்பத்தெட்டாம் வீட்டுக்கு மட்டும் போகலைங்க. நூத்தி எண்பத்தாறு வீட்டுக்கும் போயிருச்சு."

"எப்படி?"

"கடுதாசியும் கிடங்குலதானே இருக்கு. ஆட்சேபம் எல்லாம் ஒரே படத்தைப் பத்தி, ஒரே வேண்டுகோள். எடுக்காதீங்க, அது எங்க பிள்ளை. அதனால எல்லாத்தையும் ஒரே கடுதாசின்னு ஒருமையாக்கிருச்சுங்க. ஒரு கடுதாசிக்கு ஒரு பதில். வந்த பதில் உங்களது ஒண்ணுதான்."

நிறைமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளோடு பேசாத அந்த மனிதரை நினைத்தாள். மழை நாளுக்குப் பிறகு பன்னிரண்டு நாள் மட்டுமே உயிரோடிருந்த குழந்தையின் பெற்றோரை நினைத்தாள். படத்தில் இருப்பது நீதான், ஒரு சந்தேகமும் வேண்டாம் என்று அவர்கள் எல்லோருக்கும் அவள் உறுதி கொடுத்திருக்கிறாள்.

"பொய்யாயிருச்சே" என்றாள். "மறுத்து ஒண்ணு அனுப்புங்க. இது உங்களுக்கு எழுதினதில்லைன்னு."

"அனுப்பலாம். அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்." மெஹருன்னிசா தயங்கினாள். "ஆனா அதுவும் நூத்தி எண்பத்தாறு பேருக்கும் போகும்ங்க. எண்பத்தெட்டுக்கும். பிரிச்சு அனுப்ப வழியில்ல. கேட்டுப் பார்த்துட்டேன்."

படத்தில் இருப்பது நீ இல்லை என்று ரங்கிக்கும் ஒரு கடிதம் போகும். மெஹருன்னிசா திரையை அவள் பக்கம் திருப்பினாள். திருத்தம் அனுப்பவா, வேண்டாமா என்று இரண்டு கட்டங்கள். நிறைமதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் மதிய உணவுக்கு விளக்கு அணைத்தார்கள். அவள் வேண்டாம் என்பதைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு நூற்று எண்பத்தைந்து வீட்டுப் பொய்யைச் சுமந்துகொண்டு அவள் பேருந்து ஓட்டினாள். ஏறுகிற ஒவ்வொருவரையும் இவர் அந்த வீடுகளில் ஒன்றாக இருக்குமோ என்று பார்த்தாள். பரிதி தேற்றினான். யாருக்கும் கெடுதல் இல்லையே என்றான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் உறுத்தியது.

ஒரு மாதத்தில் அந்த வீடுகளிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. மொத்தம் நாற்பத்து மூன்று. ஒரு சனிக்கிழமை முற்பகலில் மெஹருன்னிசாவே கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அலுவல் முறைப்படி அது தேவையில்லை. நிறைமதி காப்பி போட்டாள். பரிதி முதல் கடிதத்தை உரக்கப் படித்தான்.

"ஆமாம். என் மகள் அன்று மழைத்துளியை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு மறந்தே போயிருந்தது. நீங்கள் எழுதியதும் அப்படியே ஞாபகம் வந்தது. அவளை அழைத்துச் சொன்னேன். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறதாம். ஒரு மணி நேரம் பேசினாள்."

அடுத்ததை மெஹருன்னிசா எடுத்தாள். "நூறுக்கு மேல் தெரியாது அவளுக்கு. ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். எப்படித் தெரிந்தது உங்களுக்கு?" அது மூன்று வரிக் கடிதம் எழுதியவர்களுடையது. அந்தக் குழந்தைக்குப் பிழைத்திருந்தால் இப்போது என்ன வயது என்றும் எழுதியிருந்தார்கள்.

மூன்றாவதும் அப்படி. பத்தாவதும் அப்படி. எல்லா வீட்டிலும் குழந்தை மழையை எண்ணியது. எல்லா வீட்டிலும் நூறு வந்ததும் மறுபடி ஒன்று வந்தது. பரிதிக்குக் குரல் தழைந்துகொண்டே போய்க் கடைசியில் நின்றுவிட்டது. அதைப் பொய்யென்று சொல்லவும் மூவராலும் முடியவில்லை. எழுதியவர்கள் உண்மையாகவே அதை நினைவுகூர்ந்திருந்தார்கள்.

"நாப்பத்தி ரெண்டு ஒத்துப்போகுதுங்க" என்றாள் மெஹருன்னிசா. "அதையெல்லாம் கிடங்கு ஒண்ணாக்கி வெச்சிருச்சு. ஒண்ணு மட்டும் பொருந்தலைன்னு தனியாத் தள்ளியிருக்கு. பிழையா இருக்கும், நீக்கிரலாமான்னு உங்க சம்மதம் கேக்குது. அதுக்குத்தான் நேர்ல வந்தேன்."

பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து நிறைமதியின் கையில் கொடுத்தாள்.

"வணக்கம். படத்தை எங்ககிட்டயே விட்டதுக்கு நன்றி. அம்மாவுக்கு உங்க லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். நீ நல்லா இருந்தேன்னு எழுதின இடத்துல அழுதுட்டாங்க. நிறைய தடவை படிக்கச் சொன்னாங்க. ஆனா ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க. நான் மழைத்துளியை எண்ணலை. நூறுவரை எண்ணினது பஸ் அம்மா வீட்டு வாசல்ல, அப்ப இந்தப் படமும் அங்க எடுத்ததுதான் போல; அம்மாகிட்ட அதைச் சொல்லலை. நூறு நாள்ல உங்கம்மா வந்துருவாங்கன்னு பஸ் அம்மா சொல்லியிருந்தாங்க. அதனால தினமும் வாசல்ல நின்னு எண்ணுவேன். நூறு வந்தும் அம்மா வரலைன்னா, தப்பா எண்ணிட்டேன் போலன்னு மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேன். அன்னிக்கு மழையும் பெஞ்சுது, அவ்வளவுதான். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. பஸ் அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கன்னு அப்ப சொல்லலை. அவங்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு நான்தான் தட்டு வைப்பேன். எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு அவங்களைத் தெரியும்னு நினைக்கிறேன்."

நிறைமதி அதை இரண்டு முறை படித்தாள். நூறு நாள் என்று அவள் சொல்லியிருந்தாள். அழுத குழந்தையைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்த ஓர் எண். தாய் வர நானூறு நாளுக்கு மேல் ஆனது. அவள் ஏழு வருடமாக அந்த முதுகைப் பார்த்து, மழையில் மகிழ்ந்து நிற்கும் குழந்தை என்று நினைத்திருந்தாள். அந்த மகிழ்ச்சியைத்தான் இப்போது நாற்பத்திரண்டு வீட்டார் தங்கள் நினைவாக வைத்திருக்கிறார்கள்.

பரிதி அவள் தோளில் கை வைத்தான். மெஹருன்னிசா ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன எழுதட்டும்ங்க? பிழைன்னு நீக்கிரலாமா?"

நிறைமதி தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"மத்த நாப்பத்திரண்டும் அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் எங்கயும் ஒப்படைக்காதீங்க" என்றாள். "இது என்கிட்ட இருக்கட்டும்."